குரூப், மார்க், அரியர்: தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளியின் உள்கணக்கு

பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாள் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளுக்குத் திருவிழா. மாநிலத் தேர்ச்சி எத்தனை சதவீதம், எந்த மாவட்டம் முதலிடம், எந்தப் பாடத்தில் எத்தனை சென்டம் என்று பொழுது சாயும்வரை அதே பேச்சுதான். 2025 மே மாதம் தேர்ச்சி 95.03 சதவீதம். நெடுங்காலம் பின்தங்கிய பகுதி என்றே பேசப்பட்டு வந்த அரியலூர் 98.82 சதவீதத்துடன் முதலிடம் பிடித்தது. கொண்டாட வேண்டிய சேதிதான். ஆனால் ஒரு பிள்ளையின் படிப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்பது அன்றைக்கு முடிவாவதில்லை. இரண்டாண்டுக்கு முன்பு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு பிளஸ் ஒன் சேர்க்கைக்கு வந்து நின்ற அரை மணி நேரத்திலேயே அது முடிந்துபோயிருக்கும்.

அந்த அரை மணியில் கேட்கப்படும் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: எந்த குரூப்? கணிதம், இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணினி அறிவியலோ சேர்ந்தால் ஃபர்ஸ்ட் குரூப். கணக்கை விட்டுவிட்டுத் தாவரவியல், விலங்கியல் எடுத்தால் செகண்ட் குரூப், சில ஊர்களில் ப்யூர் சயின்ஸ். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் என்றால் தேர்ட் குரூப். கடைசியாகத் தொழிற்கல்வி; அதற்குப் பேச்சில் வொகேஷனல் என்றே பெயர். பள்ளிக் கல்வித் துறையின் காகிதங்களில் முதல், இரண்டு, மூன்று என்ற தரவரிசை எதுவும் கிடையாது. ஒவ்வொரு பாடத்தொகுதிக்கும் ஒரு குறியீட்டு எண், அவ்வளவுதான். வரிசை வைத்தது ஊர். பத்தாம் வகுப்பில் யாருக்கு எவ்வளவு மார்க் என்பதற்கேற்ப அந்த வரிசையில் பிள்ளைகளை இறக்கிக்கொண்டே போவது பள்ளியின் வேலை.

2017இலிருந்து தமிழ்நாடு தன் மேல்நிலைத் தேர்வு முறையைத் திரும்பத் திரும்ப மாற்றி வந்திருக்கிறது. ரேங்க் போயிற்று, மொத்த மதிப்பெண் பாதியானது, பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது, பிறகு அதுவும் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. ஆனால் அநேகமாக எல்லாமே மருத்துவம், பொறியியல் இடங்களுக்குப் போட்டியிடும் மேல்வரிசைப் பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. 35க்கும் 60க்கும் நடுவில் மார்க் வாங்கும் பெருங்கூட்டத்துக்கு இந்த மாற்றங்களால் நல்லதோ கெட்டதோ அதிகம் நேரவில்லை. அவர்களுடைய கதை குரூப் கிடைப்பதிலும் அகமதிப்பீட்டிலும் அரியரிலும் இருக்கிறது. அந்த மூன்றையும் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

மேல்நிலைக் கல்வி தமிழ்நாட்டுப் பள்ளிக்குள் வந்தது 1978இல். அதுவரை பதினோரு வருடம் பள்ளி, பிறகு கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. கோத்தாரி குழு பரிந்துரைத்த 10+2 அமைப்பை ஏற்றுக்கொண்டு, கல்லூரியில் இருந்த அந்தப் படியைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். முதல் பிளஸ் டூ தேர்வு 1980இல் நடந்தது. பி.யூ.சி. படிக்க டவுனுக்குப் போய் விடுதியில் தங்க வழியில்லாத எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் உள்ளூரிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடிக்க முடிந்தது இதனால்தான். ஆனால் கல்லூரிப் படிப்பைப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் கல்லூரிக்கு வேண்டியவையும் கூடவே வரவேண்டும். ஆய்வகம் வேண்டும், பாடத்துக்கொரு முதுகலை ஆசிரியர் வேண்டும். அது எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே அளவில் வந்து சேரவில்லை.

ஆகவே ஒரு மாணவி எந்த குரூப் எடுக்கலாம் என்பது அவளுடைய விருப்பத்தையும் மார்க்கையும் மட்டும் பொறுத்ததல்ல. அவள் ஊர்ப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு முதுகலை ஆசிரியர் இருக்கிறார் என்பதையும் பொறுத்தது. இயற்பியல் ஆசிரியர் மாறுதலில் போய்விட்டால், அடுத்தவர் வரும்வரை பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் ஒருவரை அமர்த்துவார்கள். அவரும் கிடைக்காத ஊர்களில் வேதியியல் ஆசிரியரே இரண்டையும் இழுத்துப் பிடிப்பார். அரசு மேல்நிலைப் பள்ளிகளின் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு இடஒதுக்கீட்டு விதி உண்டு. அந்த விதியால் இருக்கிற குரூப்பில் இடம் தர முடியும், இல்லாத குரூப்பை உண்டாக்க முடியாது. பிளஸ் ஒன் சேர்ந்ததும் அரசு தரும் இலவச சைக்கிளின் உண்மையான பயன் இங்கேதான் தெரியும். எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியில் வேண்டிய குரூப் இருந்தால், அங்கே போய்ப் படிக்க அது ஒரு வழி.

தொழிற்கல்வியின் கதை இன்னும் வருத்தமானது. பத்தாம் வகுப்போடு பிள்ளைகளில் ஒரு பகுதியினர் கைத்தொழில் சார்ந்த படிப்புக்குத் திரும்பவேண்டும் என்பது 10+2 அமைப்பின் மூல நோக்கங்களில் ஒன்று. வேளாண் அறிவியல், செவிலியம், அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை என்று நல்ல பட்டியலும் இருக்கிறது. தொழிற்கல்வி ஆசிரியர்கள் ஓய்வு பெற்ற பல பள்ளிகளில் அந்த இடங்கள் நிரப்பப்படாமல், பிரிவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மிச்சமிருக்கும் இடங்களிலும், 'வேறு குரூப் கிடைக்காதவர்கள் சேரும் இடம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. திருப்பூரிலும் கரூரிலும் ஜவுளித் தொழில் பரந்து கிடக்கிறது. அந்தத் தொழிலுக்குரிய படிப்பைப் பள்ளியில் மதிப்போடு நடத்த நமக்குக் கைவரவில்லை. இதற்குப் பாடத்திட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சேர்க்கை மேசையில் பிள்ளைகளை வரிசைப்படுத்தும் வழக்கம்தான் தொழிற்கல்வியைக் கொன்றது என்று நினைக்கிறேன்.

நான்கு முதன்மைப் பாடங்களின் சுமையைக் குறைக்க ஒரு முயற்சியும் நடந்தது. மூன்று முதன்மைப் பாடங்களோடு 500 மதிப்பெண்ணுக்குப் படிக்கும் புதிய தொகுதிகளை 2019 செப்டம்பரில் அரசு அறிவித்தது. மருத்துவம் மட்டுமே குறி என்பவர்கள் கணக்கை விடலாம், பொறியியல் மட்டுமே குறி என்பவர்கள் உயிரியலை விடலாம் என்பது எண்ணம். பதினைந்து வயதிலேயே ஒரு கதவைச் சாத்துவதா என்று எதிர்ப்பு எழுந்தது. 2020 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் தேர்ட் குரூப்பில் சேரும் பிள்ளைக்கு அதே வயதில் அறிவியல் கதவு மொத்தமாகச் சாத்தப்படுகிறதே, அதைப் பற்றி அப்போதும் யாரும் வாய் திறக்கவில்லை.

இனி மதிப்பெண்ணுக்கு வருவோம். 2018 வரை பிளஸ் டூ என்றால் 1200. ஆறு பாடம், பாடத்துக்கு 200. 1984இலிருந்து தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு இருந்தவரை இந்த 1200 மட்டும் போதவில்லை. மீதியை நுழைவுத் தேர்வு தீர்மானித்தது. கிராமப்புற மாணவர்களுக்கு அந்தத் தேர்வு பாதகமானது என்று சொல்லி 2006இல் சட்டமன்றம் சட்டம் இயற்றி அதை நீக்கியது. அதன் பிறகு மருத்துவ இடத்துக்கும் பொறியியல் இடத்துக்கும் பிளஸ் டூ மார்க் ஒன்றே செல்லுபடியாகும் நாணயம். 2017இல் மருத்துவத்துக்கு நீட் வரும்வரை பத்தாண்டுகள் இப்படி ஓடியது.

அந்தப் பத்தாண்டில் கொழித்தவை நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள். பிளஸ் ஒன் பாடத்துக்குப் பொதுத்தேர்வு இல்லை, கட் ஆஃபில் அதற்கு இடமும் இல்லை. அப்படியிருக்க அதை எதற்கு நடத்துவது? பதினோராம் வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்துவிடுவார்கள். இரண்டு வருடம் ஒரே புத்தகம், தினம் ஒரு தேர்வு, விடியற்காலை ஸ்டடி. கோழிப்பண்ணைக்கும் முட்டைக்கும் பேர்போன மாவட்டம் என்பதால் இவற்றுக்கு 'பிராய்லர் பள்ளி' என்ற பட்டப்பெயர் எளிதாக ஒட்டிக்கொண்டது. கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். கிராமத்துப் பிள்ளைக்காக நுழைவுத் தேர்வை நீக்கினோம். கிடைத்த வெளியில் அதிகம் கால் ஊன்றியவர்கள் லட்சங்களில் கட்டணம் கட்ட முடிந்தவர்கள். அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர்களின் எண்ணிக்கை அந்தக் காலத்திலும் சொற்பமாகவே இருந்தது. அதை மாற்றியது எந்த மதிப்பெண் சீர்திருத்தமும் அல்ல. 2020இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி வந்த அந்தச் சட்டத்தால் முதல் ஆண்டிலேயே 400க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ, பல் மருத்துவ இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் அதை விரித்தார்கள்.

2017 மே மாதம் செய்த மாற்றங்களை இந்தப் பின்னணியில் பார்க்கவேண்டும். செங்கோட்டையன் பள்ளிக் கல்வி அமைச்சராகவும் உதயசந்திரன் அத்துறையின் செயலாளராகவும் இருந்த காலம். மாநிலத்தில் முதல் மாணவர், மாவட்டத்தில் முதல் மாணவர் என்ற அறிவிப்பு நின்றது. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. பாடத்துக்கு 200 என்பது 100 ஆயிற்று. பிளஸ் ஒன்னுக்கு 600, பிளஸ் டூவுக்கு 600, இரண்டும் சேர்ந்து 1200க்கு ஒரே சான்றிதழ் என்பது முதல் திட்டம். பாடத்தைத் தாவிச் செல்லும் பள்ளிகளுக்குக் கடிவாளம் போடுவதும், நீட், ஜே.இ.இ. வினாக்களில் ஏறக்குறைய பாதி வரும் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒழுங்காக நடத்தச் செய்வதும் நோக்கம். முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. அந்தத் தொகுதி பிளஸ் டூவில் படித்துக்கொண்டிருக்கும்போதே, 2018 செப்டம்பரில், உயர்கல்விச் சேர்க்கைக்கு பிளஸ் ஒன் மார்க் கணக்கில் வராது என்று அரசு சொல்லிவிட்டது. தேர்வு இருக்கும், ஆனால் எதற்கும் எண்ணப்படாது என்ற விநோத நிலை அன்று பிறந்தது.

ரேங்க் போனதால் பத்திரிகைகளில் முதல் பக்கப் படம் குறைந்தது உண்மை. மதிப்பெண் மோகம் குறைந்ததாகத் தெரியவில்லை. ரேங்க் இருந்த இடத்தில் சென்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. 2023இல் திண்டுக்கல் மாணவி ஒருவர் 600க்கு 600 எடுத்தபோது மாநிலமே கொண்டாடியது. அவர் வணிகவியல் பிரிவு மாணவி என்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. ஆனால் 600 என்ற கூட்டுத்தொகைக்குள் ஒரே அளவில் இல்லாதவை கலந்திருக்கின்றன. 2025இல் கணினி அறிவியலில் 9,536 பேர் சென்டம். தமிழில் 135 பேர். இரண்டுமே 100 மதிப்பெண் தாள்கள். தமிழும் ஆங்கிலமும் பொறியியல் கட் ஆஃபில் வருவதில்லை. அங்கே கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று மொத்தம் 200தான். ஒன்பதாயிரம் பேர் சென்டம் வாங்கிய கணினி அறிவியலும் அந்த 200க்குள் இல்லை.

மேல்மட்டக் கணக்கு இவ்வளவு. அடிமட்டக் கணக்கைப் பார்க்க ஒரு வினாத்தாளைப் பிரித்தால் போதும். இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. 15 ஒரு மதிப்பெண் வினாக்கள், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. பிறகு இரண்டு மதிப்பெண்ணில் ஆறு, மூன்று மதிப்பெண்ணில் ஆறு, ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து. செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும், அதில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 வேண்டும். செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 30 என்பது பெரும்பாலான பள்ளிகளில் முழுசாகவோ ஒன்றிரண்டு குறைவாகவோ கைக்கு வந்துவிடும். ஆக, ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினைந்தையும் சரியாகக் குறித்துவிட்டு, மீதி வினாத்தாளைத் திரும்பிப் பார்க்காத மாணவனும் 45 வாங்கித் தேறிவிடலாம். அவன் ஒரு வரி இயற்பியல் எழுதியிருக்க வேண்டியதில்லை.

வணிகவியலிலோ கணக்குப்பதிவியலிலோ இந்த மெத்தை கிடையாது. அங்கே எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10, செய்முறை இல்லை. ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. அகமதிப்பீட்டில் பத்தும் கிடைத்தாலும் எழுத்தில் 25 எடுத்தாகவேண்டும். இருபது ஒரு மதிப்பெண்ணும் சரியாக விழுந்தாலும் ஐந்து மதிப்பெண்ணுக்கு உட்கார்ந்து எழுதித்தான் ஆகவேண்டும். இயற்பியலில் 45 வாங்கியவனின் பேனா 70க்கு 15 எழுதியிருக்கிறது. வணிகவியலில் 35 வாங்கியவளின் பேனா 90க்கு 25 எழுதியிருக்கிறது. சதவீதமாகப் பார்த்தால் முன்னவன் 21, பின்னவள் 28. மார்க் ஷீட் இதைத் தலைகீழாகக் காட்டும். பத்தாம் வகுப்பில் குறைந்த மார்க் என்று தேர்ட் குரூப்புக்கு அனுப்பப்பட்ட பிள்ளைக்கே தேறுவதற்கான படி உயரமாக இருக்கிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. கட் ஆஃப் ஒன்றையே பார்த்துக்கொண்டு முறை வகுத்தால் இப்படித்தான் முடியும்.

அகமதிப்பீட்டின் பத்து மதிப்பெண்ணைத் தனியாகச் சொல்லவேண்டும். 2017இல் வந்த நல்ல யோசனைகளில் ஒன்று இது. வருகைப் பதிவு, வகுப்புத் தேர்வுகள், ஒப்படைவு அல்லது களப்பயணம், பிறகு என்.எஸ்.எஸ்., ஜே.ஆர்.சி., இலக்கிய மன்றம் போன்ற இணைச் செயல்பாடுகள் என்று அதைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். ஆண்டு முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு மாநிலத் தேர்வு முறை கொடுத்த ஒரே குரல் இதுதான். நடைமுறையில் என்ன ஆயிற்று? பள்ளியின் தேர்ச்சி விகிதம் குறைந்தால் தலைமை ஆசிரியர் முதன்மைக் கல்வி அலுவலரின் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டும். அந்த நிலையில் எந்த ஆசிரியர் ஒரு பிள்ளைக்கு பத்துக்கு ஆறு போடுவார்? எல்லாருக்கும் பத்து, அல்லது ஒன்பது. எட்டாம் வகுப்பு வரைக்கும், பிறகு ஒன்பதாம் வகுப்புக்கும் 2012 முதல் வந்த முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணுக்கு நேர்ந்த கதியும் ஏறத்தாழ இதுவே. ஆசிரியரின் மதிப்பீட்டை நம்புகிறோம் என்று சொல்லிவிட்டு, அதன் விளைவைக் கொண்டு அவரையே தண்டித்தால், பதிவேடு மட்டும்தான் நிறையும்.

பொதுத்தேர்வே இல்லாமல் மதிப்பெண் போட்ட ஆண்டு ஒன்றும் நமக்கு உண்டு. 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வு ரத்தானபோது, பத்தாம் வகுப்பின் சிறந்த மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்று சூத்திரம் வகுத்தார்கள். எதற்கும் எண்ணப்படாது என்று ஓரங்கட்டிய பிளஸ் ஒன் தேர்வு அந்த ஆண்டு கைகொடுத்தது. ஆனால் அதே ஆண்டு பத்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு மார்க்கே இல்லை. சான்றிதழில் 'தேர்ச்சி' மட்டும்தான். அவர்கள் 2022 மே மாதம் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதினார்கள், 90.07 சதவீதம் தேர்ச்சி. 2023 மார்ச்சில் பிளஸ் டூவின் முதல் நாள், மொழித்தாளுக்கு, 50,000க்கும் மேற்பட்டோர் வரவில்லை.

மாநிலம் திடுக்கிட்டது. தேர்வு பயமா, வேலைக்குப் போய்விட்டார்களா, குழந்தைத் திருமணமா என்று விவாதம் நடந்தது. அந்தப் பிள்ளைகள் மார்ச் மாதம் காணாமல் போகவில்லை என்பதே என் கருத்து. பிளஸ் ஒன்னில் தோற்றவர்களும் பிளஸ் டூவில் தொடரலாம் என்பது அப்போதைய விதி. கருணையான விதி, அதை நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு மூன்று பாடம் அரியரை முதுகில் சுமந்துகொண்டு பன்னிரண்டாம் வகுப்பில் உட்காரும் பையன், ஆடி மாதத்திலோ ஐப்பசியிலோ ஒரு நாள் வராமல் போகிறான். பிறகு வாரத்துக்கு ஒரு நாள் வருகிறான். பிறகு அதுவும் இல்லை. பெயர் மட்டும் வருகைப் பதிவேட்டிலும் தேர்வர் பட்டியலிலும் நிற்கிறது. தேர்ச்சி சதவீதம் தேர்வு எழுதியவர்களை வைத்துக் கணக்கிடப்படுவதால், எழுதாதவனால் பள்ளிக்குக் கெட்ட பெயரும் இல்லை. கொரோனா ஆண்டு இதைப் பெரிதாக்கிக் காட்டியது. வழக்கமான ஆண்டுகளிலும் இது சிறிய அளவில் நடப்பதுதான். 2024இல் பிளஸ் ஒன் தேர்ச்சி 91.17 சதவீதம், பிளஸ் டூ 94.56. 2025இல் 92.09, 95.03. ஒரு வகுப்பு மேலே போனால் மூன்று, நான்கு சதவீதம் கூடுகிறது. இடையில் பிள்ளைகள் முன்னேறியதும் இதில் உண்டு, உதிர்ந்ததும் உண்டு. எது எவ்வளவு என்று அந்த எண்கள் சொல்லாது.

மாணவர்க்கான துணை என்ற விஷயத்தில் தமிழ்நாட்டை யாரும் சுலபமாகக் குறை சொல்லிவிட முடியாது. புத்தகம், பஸ் பாஸ், சைக்கிள், 2011இலிருந்து சில ஆண்டுகள் லேப்டாப். பொருளாகக் கொடுப்பதில் இந்த மாநிலத்துக்கு நல்ல அனுபவம் உண்டு. அண்மைக் காலத்தில் அது பணமாகவும் மாறியிருக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தை மாற்றியமைத்து, 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் வந்தது. பெண்ணின் கல்யாணத்துக்குத் தங்கம் கொடுத்த காசை அவள் கல்லூரிப் படிப்புக்குத் திருப்பியது நான் அறிந்தவரை சமீபத்திய நலத்திட்ட மாற்றங்களிலேயே புத்திசாலித்தனமானது. நான் முதல்வன் திட்டமும், கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும், முடித்துவிட்டு எங்கும் சேராமல் இருப்பவர்களைத் தேடிப் பிடிக்கும் உயர்வுக்குப் படி முகாம்களும் இதே வரிசையில் வருபவை.

இந்தப் புதிய திட்டங்களுக்குப் பொதுவான ஒரு குணம், பெரும்பாலும் பிளஸ் டூ தேறியவரிடமிருந்து தொடங்குவது. தேறும் முன் நடப்பது அவரவர் பள்ளியின் திறமைக்கு விடப்பட்டிருக்கிறது. அங்கே நடப்பதை ஆசிரியர்கள் 'மினிமம் மெட்டீரியல்' என்பார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மெல்லக் கற்பவர்கள் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். இப்போது 'மெல்ல மலர்பவர்கள்' என்று நாசூக்காகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு முப்பது நாற்பது பக்கத்தில் ஒரு தொகுப்பு. புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்கள், தவறாமல் வரும் ஐந்து மதிப்பெண் வினாக்கள் நாலைந்து, இரண்டு படங்கள். திருப்புதல் தேர்வு, மாலைச் சிறப்பு வகுப்பு, சுண்டல் என்று இரண்டு மாதம் ஓட்டுவார்கள். இதைச் செய்யும் ஆசிரியர்களை நான் மதிக்கிறேன்; சொந்தக் காசில் சுண்டல் வாங்கித் தருகிறவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் இந்த உதவி ஒன்பதாம் வகுப்பிலேயே கிடைத்திருக்கவேண்டியது. ஆறு முதல் ஒன்பதுவரை அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் சரிசெய்ய 2025இல் தொடங்கியுள்ள திறன் திட்டம், இந்த வகையில் நோயின் இருப்பிடத்தைச் சரியாகத் தொட்டிருக்கிறது.

மனநல ஆதரவு என்றால் நமக்கு இன்னும் தொலைபேசி எண்தான். கல்வி வழிகாட்டிக்கு 14417, மனநல ஆலோசனைக்கு 104. முடிவுகள் வரும் வாரத்தில் அந்த எண்களில் பேசும் ஆலோசகர்கள் உயிர் காக்கும் வேலை செய்கிறார்கள். தோற்றால் அடுத்த மாதமே துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரி சேரலாம் என்ற ஏற்பாடும் பெரிய ஆறுதல். விடைத்தாள் நகல் வாங்கி மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கும் உரிமையும், மாற்றுத்திறனாளிகளுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளும் வெகுகாலமாக இருக்கின்றன. குறை எங்கே என்றால், பள்ளிக்குள் தினமும் இருக்கும் ஆலோசகர் ஒருவர் இல்லை. குரூப் எடுக்கும் அரை மணியில் பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஆளில்லை. அந்த இடத்தில் பேசுபவர் மார்க் ஷீட்டைப் பார்த்துச் சொல்லும் எழுத்தராகவோ, கல்லூரி முடித்த பக்கத்து வீட்டு அண்ணனாகவோ இருக்கிறார்.

ஓய்வுபெற்ற நீதிபதி முருகேசன் குழுவின் அறிக்கையை அடியொற்றி, 2025 ஆகஸ்ட் 8 அன்று முதல்வர் ஸ்டாலின் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கை, 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வை நீக்கியிருக்கிறது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது எந்தப் பிள்ளைக்கும் அதிகம், நீக்கியது சரி. பழைய நோய் திரும்புமா என்ற கேள்விக்கு, திரும்பும் என்றே தோன்றுகிறது. கட்டணம் வாங்கும் உறைவிடப் பள்ளிக்குப் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாவிச் செல்ல மறுபடி வழி திறந்துவிட்டது. நீட், ஜே.இ.இ. பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் பாதிக்கப்படமாட்டார்கள். அந்தத் தேர்வுகளே பிளஸ் ஒன் பாடத்தைக் கேட்கின்றன. வணிகவியல் பிள்ளைக்கு அந்தக் காவலும் இல்லை. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் அடிப்படை போடாமல் பன்னிரண்டில் கூட்டாண்மைக் கணக்கைத் தொடமுடியாது என்பதை அந்தப் பாடம் நடத்தும் எந்த ஆசிரியரும் சொல்வார்.

பொதுத்தேர்வு போனதால் இன்னொன்றும் போய்விட்டது. பிளஸ் ஒன் முடிவு வெளியானபோது, பதினோராம் வகுப்பில் எத்தனை பேர் தேர்வெழுதினார்கள், எத்தனை பேர் தேறவில்லை என்பதாவது பொதுவெளியில் தெரிந்தது. இனி அந்த ஓராண்டு பள்ளியின் நான்கு சுவருக்குள். ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளத்தில் தனி எண் இருக்கிறது. எந்தப் பள்ளியில், எந்த குரூப்பில், எந்த மீடியத்தில் சேர்ந்தார், எப்போது டி.சி. வாங்கினார் என்பதெல்லாம் அதில் ஏறியிருக்கிறது. பிளஸ் ஒன்னில் ஒரு குரூப்பில் சேர்ந்தவர்கள் இத்தனை பேர், இரண்டாண்டு கழித்து அதே குரூப்பில் பிளஸ் டூ தேர்வறைக்குள் நுழைந்தவர்கள் இத்தனை பேர் என்ற கணக்கைப் பள்ளிவாரியாக எடுக்க புதிய ஆய்வுக்குழு தேவையில்லை. மே மாதம் வெளியிடும் தேர்ச்சிப் பட்டியலில், 'எழுதியோர்' என்ற நெடுவரிசைக்கு முன்னால் 'பிளஸ் ஒன்னில் சேர்ந்தோர்' என்று இன்னொரு நெடுவரிசை சேர்த்தால் போதும். அதன் பிறகு அரியலூர் முதலிடத்தில் நீடிக்கிறதா, வேறு மாவட்டம் வருகிறதா என்று பார்க்கலாம்.